குடத்தில் வெட்டிய பெயர்கள்

1

என் மகள் கயல் கல்லூரிக்குப் போய் இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நாங்கள் இருக்கும் வின்னிபெக்கிலிருந்து விமானம் ஏறித்தான் அவள் ஊருக்குப் போக வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். அதுவும் விடுதியில் துணி துவைக்கிற இயந்திரம் ஓடி முடிகிற வரைக்கும்தான். இயந்திரம் நின்றால் பேச்சும் நின்றுவிடும். பெற்ற தாய்க்குக் கிடைப்பது ஒரு மூட்டை அழுக்குத் துணியின் நேரம். சரி, அதுவாவது கிடைக்கிறதே என்று இருக்கிறேன்.

போன வாரம் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது, "மா, ஒரு கோர்ஸை டிராப் பண்ணப் போறேன். செம போர்," என்றாள்.

"என்ன கோர்ஸ்?"

"தகவலை மனுஷங்க எப்படியெல்லாம் பதிஞ்சு வெச்சாங்கன்னு ஒரு ஹிஸ்டரி. களிமண்ல ஆரம்பிச்சு கம்ப்யூட்டர் வரைக்கும். யாருக்கு மா வேணும் இதெல்லாம்?"

கையிலிருந்த தோசைத் திருப்பியை அப்படியே அடுப்பு மேடையில் போட்டேன். "அடிப்பாவி! அது நான் படிச்ச பாடம்டி!"

"நீயா? நீ திண்டிவனத்துலதானே படிச்ச?"

அந்த 'தானே'யைக் கேட்டீர்களா? அதில்தான் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது. ஆமாம், திண்டிவனத்தில்தான் படித்தேன். எண்பதுகளின் நடுவில், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தேன். அந்தப் பாடத்தைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாட்டை அவளுக்குச் சொல்லத் தொடங்குவதற்குள் இயந்திரம் நின்றுவிட்டது. தோசை கருகிப்போனதுதான் மிச்சம். அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்காவது சொல்கிறேன், கேளுங்கள்.

2

எங்கள் ஊர் விக்கிரவாண்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே. அப்பா சுப்பராயன் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். நான் பிளஸ் டூ முடித்ததும் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்தது. அந்த வருஷம்தான் அங்கே முதலாண்டுக்குப் புதிதாக ஒரு பாடம் வைத்தார்கள். பெயர் 'பதிவுகளின் வரலாறு'. விருப்பப்பட்டவர்கள் எடுக்கலாம், வேண்டாதவர்கள் வழக்கமான பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

பாடம் நடத்த வந்தவர் ஞானசேகரன் சார். விழுப்புரத்துக்காரர், தற்காலிக வேலை, எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். முதல் நாள் வகுப்புக்கு ஒரு ஓலைச்சுவடி, ஒரு கிராமபோன் தட்டு, அன்று காலை அவர் வந்த பஸ்ஸின் டிக்கெட் மூன்றையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இந்த மூணும் ஒண்ணுதான். மறந்துபோயிடக் கூடாதுன்னு மனுஷன் எங்கியாவது கீறி வைக்கிறான். ஓலையில கீறுனான், அரக்குத் தட்டுல கீறுனான், கண்டக்டர் இந்த டிக்கெட்டுல கீறுனாரு. அவ்ளோதான் நம்ம பாடம்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. வீடு முழுக்கக் கீறல்கள் இருப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பால்காரர் சுவரில் போடும் கோடு, மாட்டுத் தொடையில் போட்ட சூடு, நெல் மூட்டையில் பூசிய மை. போகிற பஸ்ஸில் எல்லாம் ஜன்னலையும் சீட்டையும் பார்த்துக்கொண்டே போனேன். அந்தச் சீட்டுகளில் ஆணியால் கீறி வைத்திருந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பாடத்துக்குப் பல்கலைக்கழகம் இன்னும் முழு அங்கீகாரம் தரவில்லை. மார்கழியில் ஒரு குழு வந்து பார்க்கும். மாணவர்கள் தாங்களே எடுத்த ஏதாவது ஒரு பதிவைக் காட்ட வேண்டும். குழுவுக்குப் பிடிக்காவிட்டால் பாடம் ரத்து. அதை எடுத்தவர்கள் வேறு பாடம் எடுத்து முதலாண்டைத் திரும்பப் படிக்க வேண்டும்.

இதை அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. அவர் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா வசந்தா, அந்தப் படிப்பு நிக்குமா நிக்காதான்னு அவங்களுக்கே தெரியாதா? இங்க உங்க மாமன் ஊட்டுல கல்யாணம் எப்போ எப்போன்னு கேட்டுக்கினு கீறாங்க. ஒரு வருசம் போ. அது நின்னுபோச்சின்னா நீயும் நின்னுக்கோ. ரெண்டாவது வாட்டி அதே கிளாஸ்ல குந்தறதுக்கு நான் அனுப்ப மாட்டேன்."

அப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்ன சொல் மாறாதவர். எனக்கு அதுதான் பயமே.

3

சார் ஒரு கல்வெட்டைத் தேர்ந்தெடுத்தார். பனமலைக்குப் போகிற வழியில் ஒரு ஊர், அந்த ஊர் ஏரியின் மதகுக் கல். ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்களுக்கு இன்னும் எங்கள்மேல் வருத்தம் இருக்கலாம். ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டால் கல் முழுகிவிடும். ஐப்பசி மழைக்குள் படியெடுத்தாக வேண்டும்.

கல்வெட்டைப் படியெடுப்பது எப்படியென்று சொல்லிவிடுகிறேன். தடிமனான தாளை நனைத்துக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும். பாதி காய்ந்ததும் மேலே மை ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். உரித்து எடுத்துச் சுருட்டிக்கொண்டு வந்துவிடலாம். இதற்கென்று உள்ள தாள் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். கல்லூரி ஆர்டர் போட்டது, வரவே இல்லை. கேட்டால் இன்னொரு படிவத்தில் இன்னொரு கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

எங்கள் வகுப்பில் தாஜுதீன் என்று ஒருவன். அவனுடைய மாமு விழுப்புரத்தில் ஒரு சினிமாக் கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டுகிறவர். "சார், பேஜாரே வேணாம். மாமு கிட்ட போஸ்டர் பேப்பர் இருக்குது. நல்ல தடி. பின்பக்கம் பூரா வெள்ளை," என்றான். சாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எங்களுக்கும்தான். ஏன் பட்டது என்று இப்போது கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போனோம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. "ஜல்தி, ஜல்தி! மழை வந்துக்கினே கீது!" என்று தாஜுதீன் விரட்டினான். வெள்ளைப் பக்கத்தில் மை ஒற்ற வேண்டும் என்பதால் அச்சடித்த பக்கத்தைக் கல்மேல் ஒட்டினோம். ஆளுக்கொரு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அடி அடியென்று அடித்தோம்.

இரண்டு விஷயம் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. ஒன்று, அந்தப் போஸ்டர்கள் அச்சகத்திலிருந்து முந்தின நாள்தான் வந்தவை, மசி காயவில்லை. இரண்டு, ஒவ்வொரு வருஷமும் மதகு திறப்பதற்கு முன்னால் அந்தக் கல்லுக்கு எண்ணெய் பூசிப் படைப்பது ஊர் வழக்கம். எத்தனையோ வருஷத்து எண்ணெய் அதில் ஊறிக் கிடந்தது. வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது போகுமா?

தாளை உரித்தோம். எழுத்து ஒன்றுகூட வரவில்லை. ஆனால் கல்லைப் பார்த்ததும் சார் "ஐயையோ" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கல்லில் ஒரு நடிகரின் முகம்! முழு முகம்கூட இல்லை. பெரிய போஸ்டர்கள் துண்டு துண்டாகத்தான் வரும். நாங்கள் ஒட்டியது மீசையும் ஒரு கண்ணும் இருந்த துண்டு. ஊர் கும்பிடுகிற கல்லிலிருந்து ஒற்றைக் கண் எங்களை ரோஸ் நிறத்தில் முறைத்தது.

சிரிக்கிறீர்கள். அங்கே நின்றிருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டு ஊருக்குள் ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஊரே ஏரிக்கரையில் நின்றது. பெரியவர்கள், "சாமி கல்லுல சினிமாக்காரன் மூஞ்சியா?" என்று கத்தினார்கள். இளவட்டங்களோ இரண்டாகப் பிரிந்தார்கள். அந்த நடிகரின் ரசிகர்கள், "இருந்தா இருந்துட்டுப் போவட்டும்பா, அழகாத்தான் கீது," என்றார்கள். எதிர் மன்றத்துக்காரர்கள், "அப்போ எங்காளு மூஞ்சியையும் ஒட்டு!" என்று சட்டையைப் பிடித்தார்கள். சார் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

எனக்கோ ஒரே எண்ணம்தான். படி போச்சு, பாடம் போச்சு, காலேஜும் போச்சு.

4

இந்த இடத்தில் கயலின் போன் மறுபடியும் வந்தது. அவள் கேட்டது ஏரியைப் பற்றி இல்லை. ஏதோ படிவத்துக்கு என் பிறந்த ஊர் வேண்டுமாம்.

அதுவே ஒரு கதை. இங்கே ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போனபோது என் பிறப்புச் சான்றிதழில் 'தென்னாற்காடு மாவட்டம்' என்று இருப்பதை அதிகாரி கணினியில் தேடினார். அப்படி ஒரு மாவட்டமே இல்லை என்றார். இருந்தது, பிரித்துவிட்டார்கள் என்றேன். "பிரித்தால் நீங்கள் எந்தத் துண்டில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார் மனிதர். "நான் உங்கள் முன்னால்தான் இருக்கிறேன்" என்று என் இங்கிலீஷில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

கயலிடம் பிறந்த ஊரைச் சொல்லிவிட்டு, "மதகுக் கல்லுல மீசை வந்துடுச்சுடி," என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டாள், பாவம். இந்த முறை இயந்திரம் நின்ற சத்தம் கேட்டும் போனை வைக்கவில்லை. "அப்புறம் என்னாச்சு? அடிச்சாங்களா?" என்று கேட்டாள்.

5

அடிக்கவில்லை. அடி விழுகிற நேரத்தில் அந்த ஊர் அஞ்சலையக்கா வந்தாள். களை எடுத்துவிட்டு வந்தவள், சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கூட்டத்தை விலக்கிக் கல்லைப் பார்த்தாள்.

"த்தூ, இதுக்கா இவ்ளோ கூச்சலு? எண்ணெய் பிசுக்கு. புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சா போவுது. ஆம்பளைங்க நீங்க கத்திக்கினே இருங்க, நாங்க தேச்சிட்டு வர்றோம்."

அவளோடு இன்னும் சில பெண்கள் இறங்கினார்கள். நானும் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். சார் மட்டும், "மெதுவாம்மா, எழுத்து தேஞ்சிடப் போவுது," என்று சுற்றிச் சுற்றி வந்தார். தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்க மீசை போயிற்று, கண் போயிற்று. அதற்குக் கீழே இருந்த எண்ணெயும் போயிற்று. அப்புறம் பாருங்கள், எழுத்துகள்! வட்டம் வட்டமாக, சுழி சுழியாக, நேற்றைக்கு வெட்டியது போலத் துல்லியமாக எழுந்து நின்றன. நான் ஓவென்று கத்திவிட்டேன். எதிர் மன்றத்துக்காரர்கள்கூடச் சண்டையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். போஸ்டர் கட்டைச் சுற்றியிருந்த அச்சடிக்காத தாள் அப்போதுதான் தாஜுதீன் கண்ணில் பட்டது. மழை விழுவதற்குள் அழகாகப் படியெடுத்தோம். சார் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தார். மதகு கட்டியவன் பெயர் என்றார்.

அஞ்சலையக்கா கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"கல்லுல பேரு இருந்தா எடுக்கறீங்களே, குடத்துல இருந்தா எடுக்க மாட்டீங்களா?"

"குடத்துலயா?" என்றேன்.

"வா, காட்டறேன்."

அவள் வீட்டில் ஒரு பித்தளைக் குடம். கல்யாணச் சீராக அவள் அப்பா வாங்கித் தந்தது. கழுத்தில் 'அஞ்சலையம்மாள்' என்று வெட்டியிருந்தது. பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டித் தருவார்கள் என்பது யாருக்குத்தான் தெரியாது? எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் அவள் அடுத்துச் சொன்னதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது.

"எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. ஆனா இது என் பேருன்னு தெரியும். நெலத்துப் பத்திரத்துல அவரு பேரு. ஊட்டு வரி ரசீதுல அவரு பேரு. பத்திரிகை அடிச்சாலும் அவரு பேரைப் போட்டுத்தான் அடிக்கிறாங்க. என் பேரு கீறது இது ஒண்ணுலதான். இதையும் எம்மருமவ பழசு போட்டுட்டு எவர்சில்வர் வாங்கிக்கலாம்னு சொல்லிக்கினு கீறா. வண்டிக்காரன் நாளைக்கு வருவான்."

அந்தக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஊரெல்லாம் பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்கிய காலம் அது. பழைய குடமும் அண்டாவும் வண்டி வண்டியாக உலைக்குப் போயின. அவற்றோடு எத்தனை அஞ்சலைகள் உருகிப்போனார்கள்! யாராவது நினைத்துப் பார்த்தோமா?

எனக்கு நிலைகொள்ளவில்லை. பையிலிருந்த மெல்லிய தாளைக் குடத்தின் கழுத்தில் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். சின்ன வயதில் காசை வைத்துத் தேய்ப்போமே, அதே வித்தைதான். அஞ்சலையம்மாள் தாளில் எழுந்து வந்தாள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரி தன் சொம்போடு வந்தாள். அதற்கடுத்தவள் அண்டாவையே உருட்டிக்கொண்டு வந்தாள். மாமியாருக்கும் அதே பெயர் என்பதால் புகுந்த வீட்டில் 'பாப்பு' ஆகிவிட்ட ஒரு கோவிந்தம்மாள் வந்தாள். தன் பழைய பெயரை யாராவது வாசித்துச் சொல்லிப் பல வருஷம் ஆயிற்று என்றாள். நான் வாசித்தேன். இன்னொருவாட்டி சொல்லு என்று கேட்டாள். இன்னொரு முறை வாசித்தேன்.

அன்றிலிருந்து விடுமுறை தவறாமல் போனேன். வண்டிக்காரன் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு வீடாக ஓடினேன். அப்பா, "காலேஜுல பாத்திரம் தேய்க்கவா சொல்லித் தராங்க?" என்று கேலி செய்தார்.

6

மார்கழியில் குழு வந்தது. மூன்று பேர். பேசியதெல்லாம் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாதான். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. சார் மதகுக் கல்லின் படியைப் பெருமையாக மேசையில் விரித்தார்.

அந்த அம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். "நல்லா எடுத்திருக்கீங்க. ஆனா இந்தக் கல்லை எப்பவோ படியெடுத்து அச்சிலும் போட்டுட்டாங்களே. இதுல உங்க பசங்க புதுசா என்ன பதிஞ்சாங்க?"

சார் படியின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே நின்றார். தாஜுதீன் குனிந்துகொண்டான். என் காதில் அப்பாவின் குரல் கேட்டது. 'நீயும் நின்னுக்கோ.' எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, பையிலிருந்த தாள்களை எடுத்து அந்தப் படியின் மேலேயே பரப்பினேன்.

"மேடம், இதை யாரும் அச்சுல போடலை. போடவும் முடியாது. இதுல பாதிக் குடம் இப்ப உலகத்துலயே இல்லை."

"என்னம்மா இது?"

சொன்னேன். மூச்சுவிடாமல் சொன்னேன். யார் எந்த ஊரிலிருந்து வாழ வந்தவள், எந்தக் குடம் யார் கொடுத்தது, எது உலைக்குப் போயிற்று, எது பரண்மேல் இருக்கிறது. பத்திரத்தில் ஆண்கள் பெயரும் பாத்திரத்தில் பெண்கள் பெயருமாக ஊர் இரண்டாகப் பதிந்து கிடப்பதைச் சொன்னேன். நடுவில் இங்கிலீஷில் பேச முயன்று வினைச்சொல் கிடைக்காமல் மறுபடி தமிழுக்கே வந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாக எடுத்தார். மற்ற இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை.

கடைசியில் தாள்களை அடுக்கி என்னிடமே கொடுத்துவிட்டு, சார் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷம் சேர்ற பசங்களை எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க?"

எங்களுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் தாஜுதீன் விசில் அடித்தான். குழு உட்கார்ந்திருக்கும்போதே அடித்தான்! சார் அவனை அதட்ட வாயைத் திறந்தார், முடியாமல் சிரித்துவிட்டார்.

7

இதையெல்லாம் கேட்ட பிறகும் கயல் அந்தப் பாடத்தை விட்டுவிட்டாள். "உன் கிளாஸ் சூப்பர் மா. என் கிளாஸ் நிஜமாவே போர்," என்கிறாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போன் செய்தேன். வேறென்ன செய்வது? அவளுக்குப் பிடித்ததை அவள் படிக்கட்டும். அப்படிப் படிக்க எனக்கும்தான் ஒருவர் வழிவிட்டார்.

குழு வந்துபோன அன்று சாயங்காலம் விக்கிரவாண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தேன். அப்பா களத்தில் காயவைத்த மல்லாட்டையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா! பாடம் நின்னுடுச்சுப்பா! ஐயோ, நின்னு போவலை, நெலைச்சிடுச்சு! அடுத்த வருசமும் நான் போறேன்!"

அவர் துடைப்பத்தை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். அம்மா வாசலில் நின்று என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே பரணில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் ஒரு புது அண்டா. வெயில் பட்டுப் பளபளவென்று மின்னியது. களத்தில் என் முன்னால் வைத்தார்.

குனிந்து பார்த்தேன். விளிம்புக்குக் கீழே 'சு. வசந்தா' என்று வெட்டியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் கல்யாணத் தேதி வெட்டுகிற இடம் வெறுமையாக இருந்தது.

"எப்போப்பா வாங்கினீங்க?"

"ஐப்பசியிலேயே வாங்கியாந்துட்டேன். அந்தப் படிப்பு எங்க நிக்கப்போவுது, தையில முடிச்சிடலாம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

 விரலால் அந்த வெற்றிடத்தைத் தடவினேன். அப்பா அதைப் பார்த்தார். பிறகு முறத்தை எடுத்தார். களத்திலிருந்த மல்லாட்டையை அள்ளி அள்ளி அண்டாவுக்குள் கொட்டத் தொடங்கினார்.

"என்னாங்க இது, சீர் அண்டாவுல போயி..." என்று அம்மா பதறினாள்.

"இருக்கட்டும்டி," என்றார் அப்பா. விளிம்பு வரைக்கும் கொட்டிவிட்டு நிமிர்ந்தார். "காலியா வெச்சிக்கினு இருந்தா, வர்றவன் போறவன்லாம் எப்போ எப்போன்னு கேட்டுக்கினு இருப்பான்."